போபால் பேகமும் ஒரு மூடுவண்டியும்

அன்புள்ள ஐயா,

போபாலை ஆண்ட சுல்தான் ஜஹான் பேகத்தின் கல்விப் பணியைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். குடிகளின் வரிப்பணத்தில் கட்டிய பள்ளியைக் கொடை என்பதா? தாமே கோஷாவில், அதாவது ஆண்கள் பார்வையில் படாத திரைமறைவில், இருந்தவர் பெண்களுக்கு எப்படி வழிகாட்டியாவார்?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

அரசுப் பணம் குடிகளுடையது என்பதில் எனக்கும் ஐயமில்லை. அந்தப் பணத்தைப் பெண்களின் பக்கம் திருப்பியவர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே என்பதால்தான் அவரைப் பெரிதாக எண்ணுகிறேன். 1901 முதல் 1926 வரை ஆண்ட அவர், 1903இல் சுல்தானியா பெண்கள் பள்ளியைத் திறந்தார். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியளிக்கவும் ஏற்பாடு செய்தார். அலிகரில் ஷேக் அப்துல்லாவும் அவர் மனைவியும் 1906இல் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கு மாதம் 100 ரூபாய் அளித்ததை நான் தனியே குறிப்பிடுவேன். கட்டளை வைத்துத் தருமம் செய்யும் நம் ஊராருக்கு இதன் அருமை தெரியும்: கட்டடம் ஒருமுறை எழுந்துவிடும், ஆசிரியையின் சம்பளமோ மாதந்தோறும் வேண்டும்.

கோஷாவைப் பற்றிய உங்கள் கேள்வி கனமானது. முகப்பில் ஆண்கள் அமர்ந்திருக்க, பெண்கள் இரண்டாம் கட்டைத் தாண்டாத நாட்களை என் அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அத்தகைய வீட்டிலிருந்து ஒரு சிறுமியை வெளியே கொண்டுவர, திரையை முதலில் கிழி என்று சொல்லியிருந்தால் அவள் கடைசிவரை உள்ளேயே இருந்திருப்பாள். பேகம் திரைக்குள்ளேயே பள்ளியை அமைத்தார். 1920இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரான அவர், தம் இறுதி ஆண்டுகளில் முகத்திரையையும் விலக்கினார். பெண்களுக்கு இல்லறக் கல்வியே முதன்மை என்று அவர் கருதியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதில் நான் உங்கள் பக்கம்தான்.

நமக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில், பின்னாளில் முத்துலட்சுமி ரெட்டி என அறியப்பட்ட முத்துலட்சுமியைச் சேர்க்கக் கடும் எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடமளித்தார். மூடுவண்டியில் போய், ஆண் மாணவர்களிடமிருந்து பிரிக்கும் திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்ட அந்தப் பெண்தான் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து மருத்துவராக வெளிவந்தார்.