ஆட்டுக் கணக்கு அல்பாக்காவுக்கு ஒத்துவராது

கேள்வி: ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில், பல்லாரட் பக்கம் 10 ஏக்கர் வாங்கிக் குடியிருக்கிறோம். ஐந்து பெட்டை அல்பாக்கா (உரோமத்துக்காக வளர்க்கும், ஒட்டகக் குடும்பத்து விலங்கு) இருக்கின்றன, அதில் மூன்று சினை. தெரிந்த பண்ணைக்காரர் ஒருவர் 6,000 டாலருக்குப் பொலிக்கிடா (சினைக்கு விடும் ஆண் அல்பாக்கா) ஒன்று தருகிறேன் என்கிறார். வருடம் ஐந்து குட்டி விற்றால் இரண்டு வருடத்தில் போட்ட காசு வந்துவிடும் என்பது என் கணவரின் கணக்கு. ஊரில் அவர் வீட்டில் ஆடு வளர்த்தவர்கள். வாங்கலாமா? போன மாதம் தாய்க்குப் பால் சுரக்காத ஓர் ஆண் குட்டியை எங்கள் பையன் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கிறான். அப்பு என்று பெயர். நாய்க்குட்டி மாதிரி வீட்டுக்குள் அவன் பின்னாலேயே சுற்றுகிறது!
- வாசகி, விக்டோரியா

பதில்: வாங்காதீர்கள். காரணத்தை உங்கள் வீட்டுக்காரருக்குப் புரிகிற மாதிரி ஆட்டை வைத்தே சொல்கிறேன்.

வெள்ளாடு ஐந்து மாதத்தில் ஈனும், பல சமயம் இரட்டைக் குட்டி. அல்பாக்காவுக்குச் சினைக்காலம் கிட்டத்தட்ட பதினொன்றரை மாதம். போடுவது ஒரே குட்டி. இரட்டை மிக மிக அபூர்வம். ஐந்து பெட்டையும் தவறாமல் சினை பிடித்து, ஐந்து குட்டியும் பிழைத்தால்தான் வருடம் ஐந்து. அப்படி ஒரு வருடம் அமைந்தால் உங்களுக்கு நல்ல நேரம். அதிலும் பாதி ஆணாக இருக்கும். ஆண் குட்டிகளில் பொலிக்கு நிற்கும் தரம் ஏதோ ஒன்றிரண்டுக்குத்தான் வாய்க்கும். மற்றவை காயடித்து, செல்லத்துக்கோ செம்மறிக் குட்டிகளை நரியிடமிருந்து காக்கவோ சொற்ப விலைக்குப் போகும்.

ஆடு வளர்ப்பவர் வீட்டில் கிடா நிற்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. பெட்டை ஆடு பருவத்துக்கு வந்து ஒன்றிரண்டு நாளில் விட்டுவிடும். அந்த நேரத்தில் கிடா பக்கத்தில் இருக்க வேண்டும். அல்பாக்காவுக்கு அந்தத் தொல்லையே இல்லை. இணை சேர்வதுதான் கருமுட்டையை வெளியே வரவைக்கிறது, அதுவும் ஒரு நாள் கழித்துத்தான். ஆகவே நீங்கள் நாள் குறித்து, கிடாவை டிரெய்லரில் ஏற்றிவரச் சொல்லலாம். பெட்டை தரையில் மடங்கி உட்காரும், கிடா தொண்டைக்குள் ஒரு மாதிரி உறுமிக்கொண்டே இருக்கும், அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வருடத்தில் ஐந்து அரை மணி நேரத்துக்காக ஒரு கிடாவை 365 நாளும் தீனி போட்டு வைத்திருப்பானேன்? அதைப் பெட்டைகளோடு விடவும் முடியாது. தனிப் பட்டி வேண்டும், தனியாக நின்றால் ஏங்கிப்போகும் என்பதால் துணைக்குக் காயடித்த ஒன்றும் வேண்டும்.

இன்னொன்று உங்கள் கணவரின் கணக்கில் இல்லவே இல்லை. இப்போது வாங்கும் கிடாவுக்கு முதல் குட்டி பிறக்கவே ஒரு வருடம். அந்தப் பெட்டைக் குட்டி ஒன்றரை வயதில் சினைக்குத் தயார். அப்பனோடு மகளைச் சேர்க்க முடியுமா? மூன்றாவது வருடம் அவர் இன்னொரு கிடா தேடிக்கொண்டிருப்பார்.

உரோமம் கைகொடுக்கும் என்று நினைக்காதீர்கள். ஒன்றுக்கு வருடம் இரண்டு மூன்று கிலோ வரும், அதில் முதுகுப் பகுதிதான் நல்ல விலைக்குப் போகும். வயது ஏற ஏற இழையும் தடித்துவிடும். ஐந்து உருப்படிக்கு, கத்தரிக்க வருபவர் கூலிக்குக் கட்டினாலே பெரிய விஷயம். அமெரிக்காவில் 1984-இல் அல்பாக்கா இறக்குமதி தொடங்கி, விலை எங்கோ போனது. டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் இருவர் 2007-இல் கணக்குப் போட்டுப் பார்த்து, உரோமத்தில் வரும் வருமானத்துக்கும் அந்த விலைக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதினார்கள். அடுத்த ஆள் வாங்க வருவான் என்ற நம்பிக்கைதான் விலையைத் தூக்கி நிறுத்தியிருந்தது. அப்புறம் பொருளாதார நெருக்கடி வந்தது, வாங்க ஆள் இல்லை. பொலிக்கிடா விற்பவரின் கதையைக் கேட்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கிடாவை விடுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பகீரென்றது அப்பு விஷயம்தான்.

அல்பாக்கா கிடா தன் இனம் எது என்பதைக் குட்டியிலேயே படித்துக்கொள்கிறது. (ஆண் அல்பாக்காவைக் கிடா என்றே எழுதுகிறேன், நம் வாய்க்கு அதுதான் வருகிறது.) மனிதன் மடியில் வளர்ந்த ஆண் குட்டி உங்கள் பையனைத் தன் கூட்டத்தில் ஒருவனாக எண்ணிக்கொள்ளும். இப்போது இனிக்கும். இரண்டு வயதைத் தாண்டி, கிடாவின் குணம் முழுதாக வரும்போது, இன்னொரு கிடாவோடு எப்படி மோதுமோ அப்படி அவனோடு மோதும். மார்பால் இடித்துத் தள்ளும், காலைக் கடிக்கும். அறுபது எழுபது கிலோ உடம்பு. அந்தக் குணம் ஊறியபின் காயடித்தாலும் மாறும் என்று சொல்ல முடியாது.

இதற்கு ஓர் ஆரம்ப அடையாளம் உண்டு. பையன் கிட்டே வரும்போது அப்பு கழுத்தைத் தாழ்த்தி, முழங்காலை லேசாக மடக்கி, வாலைத் தூக்கி முதுகின்மேல் போடுகிறதா என்று பாருங்கள். பெரிய அல்பாக்காவின் முன் குட்டி பணிவது அப்படித்தான். மனிதர் முன் அதைச் செய்தால், உறவு குழம்பத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆகவே இன்றைக்கே அதை வீட்டைவிட்டு வெளியேற்றி மற்ற ஐந்தோடு விடுங்கள். பால் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். பட்டியில் வைத்துக் கொடுங்கள். குடித்ததும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். தடவுவது, கட்டிப்பிடிப்பது, பின்னால் ஓடவிடுவது எல்லாம் நிறுத்தம். பையன் அழுவான். காயடிப்பைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் இப்போதே பேசிவையுங்கள். புட்டிக் குட்டிக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் செய்வது உண்டு. குளிர்காலம் வருவதற்குள் வைட்டமின் டி ஊசி பற்றியும் கேளுங்கள். உங்கள் பக்கத்து மேகமூட்டத்தில் வளரும் குட்டிகளுக்கு, அதிலும் கறுப்புக் குட்டிகளுக்கு, கால் எலும்பு வளைவது சகஜம்.

சினையாக இருக்கும் மூன்றும் பெரும்பாலும் பகலில், மதியத்துக்குள் ஈன்றுவிடும். குட்டி சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். முக்கியும் குட்டி வெளியே வராவிட்டால் மாலையாகட்டும், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஈன்று இரண்டு மூன்று வாரம் கழித்து அந்த 6,000 டாலர் கிடாவைக் கூலிக்கு விடுவாரா என்று பண்ணைக்காரரிடம் கேளுங்கள். உயிரோடு குட்டி பிறக்காவிட்டால் மறுமுறை இலவசம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் கிடாவோடு அவர் இன்னொரு தடவை வர வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். சினை பிடித்த பெட்டை கிடாவைக் கண்டதும் காதை மடக்கி, தாடையை உயர்த்தி, அரைச் சீரணமான புல்லைக் காறித் துப்பும். சினை பிடிக்காதது பேசாமல் உட்காரும். முதல் தடவை நான் கல்யாண வீட்டுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, போகிற வழியில் பார்த்துவிடலாம் என்று பட்டிக்குள் நின்றேன். சினை உறுதி. கல்யாணத்துக்குப் போகவில்லை.