உள்ளே போகும் மதிப்பெண்ணும் வெளியே வரும் வேலையும்

அன்புள்ள சார்,

என் மகள் இந்த வருடம் பள்ளிப் படிப்பை முடித்தாள். வேதியியல்தான் படிப்பேன் என்கிறாள், அதில் எங்களுக்கும் மறுப்பில்லை. இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. முதலாவது பெயர் பெற்றது, மிக அதிக மதிப்பெண் கேட்கிறது, என் மகள் மயிரிழையில் உள்ளே போய்விடுவாள். அங்கே படித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வேலையிலோ மேற்படிப்பிலோ இருப்பதாகக் குறிப்பேட்டில் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது கேட்கும் மதிப்பெண் நன்றாகவே குறைவு, வேலைக்குப் போனவர்களின் சதவீதமும் கொஞ்சம் குறைவு. ஆனால் அங்கே சேர கணிதம் படித்திருக்க வேண்டுமாம், இல்லையென்றால் வகுப்பு தொடங்குமுன் ஓர் இணைப்புப் பாடம் படித்துத் தேற வேண்டுமாம். மகள் பள்ளியில் கடைசி இரண்டு வருடம் கணிதம் எடுக்கவில்லை. அப்படியிருந்தும் பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டு அவள் இரண்டாவதைத்தான் விரும்புகிறாள். குறைந்த மதிப்பெண் கேட்கும் இடம் தரத்திலும் குறைவாகத்தானே இருக்கும்? அந்த வேலைச் சதவீதத்தை நம்பலாமா? வேதியியலுக்கு எதற்குக் கணிதம்?

ஒரு வாசகி (பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாடத்திட்டத்தை எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு ஒரு பெண் முடிவுக்கு வருகிறாள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம், பெரும்பாலானவர்கள் அதைச் செய்வதில்லை, சேர்ந்த பிறகுதான் முதல் செமஸ்டரில் என்ன பாடம் என்றே பார்க்கிறார்கள்.

முதலில் அந்த மதிப்பெண். ஒரு படிப்புக்கு அறுபது இடம் இருக்கிறது, அறுநூறு பேர் கேட்கிறார்கள் என்றால் அறுபதாவது ஆளின் மதிப்பெண் எதுவோ அதுதான் கட்-ஆஃப். அங்கே யார் பாடம் நடத்துகிறார்கள், ஆய்வகத்தில் ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இல்லை. எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் என்பது மட்டும்தான் இருக்கிறது. ஜெர்மனியில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அங்கே 'நூமெரஸ் கிளாசஸ்' என்று ஒரு வரம்பு உண்டு, ஆனால் அது முன்கூட்டியே யாரும் வைக்கிற அளவு கிடையாது, அந்த வருடம் கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்ணைத்தான் பிறகு வரம்பு என்கிறார்கள். மருத்துவத்துக்கும் உளவியலுக்கும் அது மிகக் கடுமை. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் பல பல்கலைக்கழகங்களில் வரம்பே இல்லை, பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். அதற்காக அங்கே இயற்பியல் லேசானது என்று யாராவது சொன்னால் முதல் வருடக் கணிதத் தேர்வு எழுதியவர்கள் சண்டைக்கே வந்துவிடுவார்கள், பாதியில் விட்டுப் போகிறவர்கள் அதிகமாக இருக்கிற துறைகளில் அதுவும் ஒன்று. கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே இருக்கும் படிப்பின் கனம் வேறு.

நல்ல மதிப்பெண் உள்ளவர்கள் சேர்ந்து படித்தால் ஒருவரையொருவர் தூக்கிவிடுவார்கள் அல்லவா என்று கேட்பீர்கள். உண்மைதான், கூடப் படிப்பவர்கள் முக்கியம். ஆனால் அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது, இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். 1976-இல் கல்லூரியில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். இடம் கிடைப்பதே கடினமான கல்லூரிகளில் படித்தவர்கள் பின்னாளில் அதிகம் சம்பாதித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அவர்கள் கேட்டது வேறு கேள்வி: ஒரே மாதிரியான கல்லூரிகளில் விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடம் கிடைத்து, அப்புறம் ஒருவர் பெரிய பெயருள்ள இடத்துக்கும் இன்னொருவர் சாதாரண இடத்துக்கும் போனார்கள் என்றால்? சராசரியாகப் பார்த்தால் வருமானத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. கல்லூரி செய்த வேலை என்று நாம் நினைத்ததில் பெரும்பகுதி அந்தப் பிள்ளைகள் உள்ளே வரும்போதே கையோடு கொண்டுவந்தது. இதிலும் ஒரு விலக்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்: வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெயருள்ள கல்லூரி நிஜமாகவே உதவியது. வீட்டில் வழிகாட்ட ஆள் இல்லாதவர்களுக்கு அந்த இடத்துத் தொடர்புகள் பெரிய விஷயம். உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

இப்போது அந்த 'பத்தில் ஒன்பது பேர்'. அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எதை எண்ணியது என்று கேட்காமல் அதை வைத்து ஒரு முடிவும் எடுக்காதீர்கள். படிப்பு முடித்து எத்தனை மாதம் கழித்துக் கேட்டார்கள்? பிரிட்டனில் முன்பு ஆறு மாதம் கழித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், 2017-18-இல் படித்து முடித்தவர்களிலிருந்து அதைப் பதினைந்து மாதம் என்று மாற்றினார்கள், ஏனென்றால் ஆறு மாதத்தில் பலர் இன்னும் ஏதோ ஒரு தற்காலிக வேலையில்தான் நிற்பார்கள். ஆஸ்திரேலியாவில் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரு தடவை கேட்கிறார்கள், மூன்று வருடம் கழித்து இன்னொரு தடவை கேட்கிறார்கள். அறிவியல் படித்தவர்கள் முதல் தடவையில் மற்ற சில துறைகளுக்குப் பின்னால் நிற்பதும், மூன்று வருடத்தில் அந்த இடைவெளி நன்றாகக் குறைவதும் அங்கே திரும்பத் திரும்பத் தெரிகிற விஷயம். நர்சிங் படித்தவருக்குப் படிப்பின் பெயரிலேயே வேலை இருக்கிறது. வேதியியல் படித்தவர் தன் வேலையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

அடுத்து, யார் பதில் சொன்னார்கள்? வேதியியல் மாதிரித் துறையில் ஒரு வருடத்தில் இருபது பேர் படித்து முடிக்கிறார்கள், அதில் பதினான்கு பேர் பதில் அனுப்பினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் ஆள் ஏழு சதவீதம். நீங்கள் பார்த்துக் கவலைப்படுகிற அந்த 'கொஞ்சம் குறைவு' என்பது வெறும் இரண்டு பிள்ளைகளாக இருக்கலாம், ஒருவர் உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்திருக்கலாம், ஒருவர் அடுத்த வருடம் மேற்படிப்புக்குக் காத்திருந்திருக்கலாம். வேலை கிடைக்காத கசப்பில் இருப்பவர் பெரும்பாலும் பதிலே எழுத மாட்டார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அப்புறம் 'வேலையிலோ மேற்படிப்பிலோ' என்ற அந்தச் சொல். இது இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறது. வேலை என்றால் எந்த வேலையும். படித்ததற்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் கணினியில் விவரம் ஏற்றுகிற பிள்ளையும் அதில்தான், ஆய்வகத்தில் இருப்பவரும் அதில்தான். மேற்படிப்பு என்பதும், விரும்பிப் போனவரையும் வேறு வழியில்லாமல் போனவரையும் பிரித்துச் சொல்லாது. வேதியியலில் இது ரொம்ப முக்கியம். இளநிலைப் பட்டத்தோடு நிறுத்தினால் பெரும்பாலும் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்கள், மருந்து, பெயின்ட், பாலிமர், உணவு ஆலைகளில் பகுப்பாய்வு வேலைகள், கலவையைக் கூறுகூறாகப் பிரித்து அளக்கிற எச்.பி.எல்.சி. மாதிரி கருவிகளை ஓட்டுவது, அப்புறம் விற்பனை, தொழில்நுட்ப உதவி என்று இப்படித்தான் ஆரம்பம். நல்ல வேலைகள், மரியாதையான வேலைகள். ஆனால் புது மூலக்கூறு உருவாக்கும் ஆராய்ச்சிக்குப் போக வேண்டுமென்றால் முதுநிலை, பல இடங்களில் முனைவர் பட்டமே கேட்பார்கள். இதைச் சேரும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட படத்தை மட்டும் அட்டையில் அச்சடிப்பது எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம், மூன்று வருடம் கழித்து அந்தப் பிள்ளை 'நான் எங்கே தவறு செய்தேன்' என்று தன்னையே கேட்டுக்கொள்கிறது.

நீங்கள் இதைவிட முக்கியமான இன்னோர் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வருடம் போனார்கள், எத்தனை பேர் படித்து முடித்தார்கள்? இங்கிலாந்தில் உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பு இதற்கு ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. முழுநேர இளநிலைப் படிப்பில் 80 சதவீதம் பேராவது படிப்பைத் தொடர வேண்டும், 75 சதவீதம் பேராவது முடிக்க வேண்டும், 60 சதவீதம் பேராவது தகுந்த வேலைக்கோ மேற்படிப்புக்கோ போக வேண்டும். வேலைச் சதவீதம் படித்து முடித்தவர்களைப் பற்றியது மட்டும்தான், நடுவில் விட்டுப் போனவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். நூறு பேர் சேர்ந்து, ஐம்பது பேர் முடித்து, அதில் நாற்பத்தைந்து பேருக்கு வேலை கிடைத்தாலும் அது தொண்ணூறு சதவீதம்தான்.

சரி, கணிதத்துக்கு வருகிறேன். உண்மையில் நீங்கள் குறை என்று எழுதிய இந்த நிபந்தனைதான் அந்த இரண்டாவது பல்கலைக்கழகத்தின் மேல் எனக்கு மரியாதை வரவைத்தது.

நானும் வேதியியல் படித்தவன், கணிதத்தில் அரைகுறையாக உள்ளே போனவன். நான் படித்த இடத்தில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல்படி வினையில் பொருள் பாதியாகக் குறைய ஆகும் நேரம், அதாவது அரை ஆயுட்காலம், 0.693-ஐ வேக மாறிலியால் வகுத்தால் வரும் என்று மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினேன், முழு மதிப்பெண்ணும் வந்தது. அந்த 0.693 என்பது 2-இன் இயல்மடக்கை என்பது, அது ஒரு சின்ன வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்த்தால் தானாக வந்து விழுகிற எண் என்பது எனக்குத் தெரிந்தபோது இரண்டாம் வருடம் பாதி போய்விட்டது. அதுவரை நான் படித்தது வேதியியல் இல்லை, எண்களின் பட்டியல். வெப்பநிலை ஏறினால் வினை ஏன் வேகமாகிறது என்பதற்கு அர்ஹீனியஸ் சமன்பாடு இருக்கிறது, வேக மாறிலியின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும், அந்தக் கோட்டின் சாய்விலிருந்து, வினை நடக்கத் தேவையான கிளர்வு ஆற்றலை எடுத்துவிடலாம். எவ்வளவு அழகான விஷயம்! செய்முறை வகுப்பில் அந்தக் கோட்டை நான் ஸ்கேல் வைத்துப் போட்டேன், எதற்குப் போடுகிறேன் என்று தெரியாமலே போட்டேன். வெப்ப இயக்கவியலில் பகுதி வகைக்கெழு வரும், ஹைட்ரஜன் அணுவைத் தொட்டதுமே அலைச் சமன்பாடு வரும், மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிக்க உதவும் என்.எம்.ஆர். கருவி திரையில் காட்டுகிற கோடுகளுக்குப் பின்னால் ஃபூரியர் உருமாற்றம் என்ற கணித முறை இருக்கிறது, பகுப்பாய்வு வேலையில் ஒவ்வொரு நாளும் புள்ளியியல் இருக்கிறது. என்னோடு சேர்ந்தவர்களில் பாதியில் விட்டுப் போனவர்கள் யாருக்கும் வேதியியல் பிடிக்காமல் போகவில்லை. இந்தக் கணிதமெல்லாம் வருகிற இயற்பிய வேதியியல் பாடத்தில்தான் விழுந்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், நுழைவுத் தகுதியில் மொத்த மதிப்பெண்ணை விட எந்தப் பாடம் கேட்கிறார்கள் என்பதைப் பாருங்கள். மதிப்பெண் காட்டுவது வரிசையின் நீளத்தை மட்டும்தான். பாடம்தான், உள்ளே என்ன நடக்கப்போகிறது என்று அந்தத் துறை முன்கூட்டியே உங்களிடம் சொல்கிற செய்தி. கணிதம் கேட்காத இடம் எல்லாமே மோசம் என்றும் இல்லை, சில இடங்களில் முதல் வருடத்திலேயே 'வேதியியலாளர்களுக்கான கணிதம்' என்று தனிப் பாடம் வைத்து அடியிலிருந்து சொல்லித்தருவார்கள். முதல் பல்கலைக்கழகத்தில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவும் நல்ல இடம்தான். கணிதமும் கேட்கவில்லை, சொல்லியும் தரவில்லை என்றால் நான் என் பிள்ளையை அங்கே அனுப்ப மாட்டேன், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.

உங்கள் மகளையே இரண்டு துறைகளுக்கும் நேரடியாக ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள், நீங்கள் எழுத வேண்டாம். போன வருடம் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் விட்டுப் போனார்கள், வாரத்தில் ஆய்வக நேரம் எவ்வளவு, கடைசி வருடத்தில் தனி ப்ராஜெக்ட் உண்டா, இன்டர்ன்ஷிப்புக்குத் துறை உதவுகிறதா, வேலைக்குப் போனவர்கள் என்னென்ன வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்கட்டும். என்ன பதில் வருகிறது என்பதோடு, பதில் வருகிறதா என்பதையும் பாருங்கள்.

இணைப்புப் பாடத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். வகுப்பு தொடங்க இன்னும் சில மாதம் இருக்கும் என்று நினைக்கிறேன். மடக்கை, அடுக்குக்குறிச் சார்பு, வரைபடத்தின் சாய்வு, எளிய வகைக்கெழு, தொகையீடு இந்த ஐந்தையும் ஒழுங்காகப் போட்டால் முதல் வருடத்துக்குப் போதும், தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முடிகிற காரியம். வேதியியல் புத்தகத்திலிருக்கும் கணக்குகளை வைத்தே அதைப் படிக்கச் சொல்லுங்கள், தனிக் கணிதப் புத்தகத்தில் ஆரம்பித்தால் எதற்கு இது என்று சலிப்பு வந்துவிடும். இந்த வாரமே 0.693-இலிருந்து தொடங்கலாம், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.