கணினி மெதுவாகிவிட்டால், கை வைப்பதற்கு முன்

நுவரெலியா மாவட்டத்தில் பல ஆண்டுகளாகக் கணினி திருத்தும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி (ஹட்டன், ஆசிரியை): என் மடிக்கணினி திறப்பதற்கே பத்து நிமிடம் எடுக்கிறது. சில வேளைகளில் உள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது. வட்டைச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்துப் பார்க்கும்படி தம்பி சொல்கிறார். கடையில், வட்டிலுள்ள எல்லாவற்றையும் அழித்து ‘ஃபோமட்’ செய்ய வேண்டும் என்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் இப்போது செய்யாதீர்கள், டீச்சர். தகவல்களைச் சேமிக்கும் வட்டான ஹார்ட் டிஸ்க்கின் வாசிப்புத் தலை, தான் தேடும் இடத்தைக் கண்டுகொள்ள முடியாமல் திரும்பத் திரும்ப அலைவதால் இச்சத்தம் எழக்கூடும். பழுதான பகுதியை வாசிக்க முடியாதபோது வட்டு உடனே கைவிடுவதில்லை. பல முறை முயல்கிறது, அதுவரை விண்டோஸும் காத்து நிற்கிறது, அந்தக் காத்திருப்பையே நாம் ‘மெதுவாகிவிட்டது’ என்று சொல்கிறோம். இந்நிலையில் வட்டு முழுவதையும் வாசித்துச் சரிபார்க்கச் சொல்வது, நெஞ்சுவலி என்று வந்தவரைச் சிவனொளிபாதமலைப் படியேறச் சொல்வதைப் போன்றது. மேலும், அக்கட்டளை, கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று குறித்துவைக்கும் கோப்பமைப்பைச் சீராக்கும் முயற்சியில் சிதைந்த கோப்புகளின் பதிவுகளை மாற்றிவிடுவதால், பிறகு அவற்றை மீட்பவரின் வேலை இன்னும் கடினமாகும்.

சத்தம் விடாமல் கேட்குமானால் கணினியை அணைத்துவிட்டு, தரவு மீட்பதில் அனுபவமுள்ள ஒருவரிடம் அப்படியே ஒப்படையுங்கள். எப்போதாவது மட்டும் கேட்குமானால், வேறு எந்த வேலையையும் தொடங்காமல், வினாத்தாள்கள், புள்ளிப் பட்டியல்கள், குடும்பப் படங்கள் என்று மீண்டும் கிடைக்காதவற்றை முதலில் வெளி வட்டொன்றுக்குப் பிரதியெடுங்கள். ஒரு கோப்பில் சிக்கி நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். விண்டோஸை மறுபடியும் நிறுவலாம். மாணவர்களின் மூன்றாண்டுப் புள்ளிகளை அப்படி நிறுவ முடியாது. பிரதியெடுத்து, அந்தப் பிரதி வேறொரு கணினியில் திறக்கிறதா என்றும் பார்த்த பிறகு, வட்டை மாற்றுவதே சரி. பழுதான வட்டை ஃபோமட் செய்தால் சில வாரங்களுக்கு வேகம் வந்ததுபோல் தோன்றும், அவ்வளவுதான்.

கேள்வி (பண்டாரவளை, உயர்தர மாணவர்): வேகத்தைக் கூட்டுவதாகச் சொன்ன மூன்று இலவச மென்பொருள்களையும் இரண்டு வைரஸ் எதிர்ப்பிகளையும் போட்டேன். முன்பைவிட மோசமாகிவிட்டது.

பதில்: அது வியப்பன்று, தம்பி. இரண்டு எதிர்ப்பிகள் ஒரே கோப்பை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கும்போது ஒவ்வொரு திறப்பும் தாமதமாகும். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் சாதாரணப் பாவனைக்குப் போதும். விண்டோஸின் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ‘ரெஜிஸ்ட்ரி’யைத் துப்புரவாக்கும் மென்பொருள்களைத் தொடவே வேண்டாம், அவை நீக்கும் பதிவுகளால் கிடைக்கும் வேகம் உணர முடியாத அளவு சிறியது, தவறான ஒன்றை நீக்கினாலோ கணினி திறக்காமலே போகலாம். போட்டவற்றை ஒரே மூச்சில் நீக்காமல், ஒன்றை நீக்கி, மறுதொடக்கம் செய்து, மாற்றத்தைக் குறித்துக்கொண்டு அடுத்ததை நீக்குங்கள். அணைத்துத் திறப்பது மறுதொடக்கம் ஆகாது என்பதையும் கவனியுங்கள். விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி இயங்கும்போது, அணைத்தாலும் அதன் மையப் பகுதியான உட்கருவின் (கெர்னல்) நிலை வட்டில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வருகிறது.

கேள்வி (மஸ்கெலியா, தோட்ட லயனிலிருந்து): அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு விசிறி இரைந்து, எல்லாம் இழுபடுகிறது. கணினி இருப்பது சமையலறைப் பக்கம்.

பதில்: விறகடுப்பின் புகையில் எண்ணெய்ப் பசை கலந்திருக்கும். அது விசிறியிலும் வெப்பத் தகடுகளிலும் படிந்து, அதன் மேல் தூசி ஒட்டிக் கம்பளிபோல் மூடிவிடும். வெளியே குளிர்தானே என்று நினைக்க வேண்டாம். காற்றோட்டம் அடைபட்டால் செயலி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, விசிறி சுழலாதபடி மெல்லிய குச்சியால் பிடித்துக்கொண்டு அழுத்திய காற்றடைத்த புட்டியால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். அடிப்பக்கம் புடைத்திருந்தால் பற்றரி வீங்கியிருக்கலாம். அப்போது சார்ஜரையும் மாட்டாமல் திருத்துநரிடம் கொண்டு செல்லுங்கள். பனிமூட்டத்தில் சுமந்து வந்த கணினியை அடுப்படிச் சூட்டில் உடனே திறக்கவும் வேண்டாம். உள்ளே நீர்த்துளிகள் படிந்திருக்கலாம்.

கேள்வி (தலவாக்கலை, கடைக்காரர்): அடிக்கடி மின்சாரம் போய் வருகிறது. அதனாலும் மெதுவாகுமா?

பதில்: ஆகும். வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் கோப்புகள் சிதையக்கூடும், சிதைந்தவற்றை வாசிக்கக் கணினி திணறும். மேசைக் கணினிக்கு, மின்சாரம் போனாலும் சிறிது நேரம் தாங்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். இடி முழங்கும் மாலைகளில் யுபிஎஸ்ஸை நம்பாமல், இணைய வயர் உட்பட எல்லாவற்றையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்.

கேள்வி (பதுளை, எழுதுவினைஞர்): விண்டோஸ் 10, 4 ஜிபி நினைவகம் (ரேம்), பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11க்கு மாறினால் வேகம் வருமா?

பதில்: வராது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் மாறுவதற்குப் பாதுகாப்புக் காரணம் உண்டு. ஆனால் உங்கள் தடை வட்டில் இருக்கிறது. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், வட்டின் பயன்பாடு நூறு சதவீதத்திலேயே நிற்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வட்டில், வேண்டிய இடம் தலைக்கு நேரே வருவதற்கே சராசரியாக 5.6 மில்லிசெக்கன் ஆகிறது. அதற்கு மேல் அந்தத் தலையைத் தாங்கும் கை நகரும் நேரமும் சேர்வதால், சிதறிக் கிடக்கும் தகவல்களை அதனால் செக்கனுக்கு நூறு முறைகூட எடுத்துத் தர முடிவதில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழல்வதற்கு எதுவுமே இல்லை. ஆகவே முதலில் எஸ்எஸ்டி, பிறகு நினைவகத்தை 8 ஜிபி ஆக்குதல், அதற்குப் பிறகே விண்டோஸ் 11. அதுவும் உங்கள் செயலி மைக்ரோசொஃப்ட்டின் அனுமதிப் பட்டியலில் இருந்து, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருந்தால் மட்டும். நினைவகம் வாங்கப் போகும்போது பழைய அட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். டிடிஆர்3 வகை அட்டை இருக்கும் இடத்தில் டிடிஆர்4 வகை அட்டை பொருந்தாது.