அப்பா கேட்ட கேள்விக்கு யார் பதில் சொல்வது?

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் எங்களுடன் இருக்கிறார். சிறுநீரகங்கள் பெருமளவு செயலிழந்துவிட்டதால், டயலிசிஸ் தொடங்குவதா என்று முடிவெடுக்கும்படி வைத்திய நிபுணர் கேட்டிருக்கிறார். சென்ற மாதம் அப்பா அலுமாரித் திறப்பை என் கையில் தந்து, "செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் பிள்ளை? நான் போனபிறகு நீ தனிய..." என்று தொடங்கினார். அம்மா திறப்பைப் பறித்து, "விசர்க்கதை கதைக்காதேங்கோ" என்று அழுதுவிட்டார். கனடாவில் இருக்கும் அண்ணா, "காசைப் பார்க்காமல் எல்லாம் செய்யுங்கோ" என்கிறார். சாவைப் பற்றிக் கதைத்தால் அப்பா மனம் உடைந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு மகள், வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் அப்பா அன்று இரண்டு விடயங்களைச் சொல்ல முயன்றிருக்கிறார்: தன் உடம்புக்கு என்ன நடக்கப் போகிறது என்று கேட்டார், தனக்குப் பின் உங்கள் நிலை என்ன என்ற கவலையைச் சொல்லத் தொடங்கினார். இரண்டுக்கும் இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. சாவைப் பற்றிப் பேசினால் அவர் மனம் உடைந்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் ஒருவர் பல இரவுகள் அதை நினைத்துத் தூங்காமல் கிடந்திருப்பார் என்பதே என் எண்ணம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எவரும் வாய்விட்டுச் சொல்லாதபோது, நோயாளி அந்தப் பயத்துடன் தனித்து விடப்படுகிறார். அதைத்தான் நான் உங்கள் வீட்டில் முதலில் தவிர்க்க விரும்புவேன்.

எப்படித் தொடங்குவது என்று நீங்கள் தயங்கத் தேவையில்லை, ஏனெனில் அவரே தொடங்கிவிட்டார். ஆறுதலான ஒரு மாலைப்பொழுதில் அருகில் அமர்ந்து, "அப்பா, அண்டைக்கு நீங்கள் கேட்டதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை, இப்ப சொல்லுங்கோ, நான் கேக்கிறன்" என்று சொல்லுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அவர் அழலாம், நீங்களும் அழலாம். அதனால் கெடுதல் எதுவும் வராது. அவருக்கு எதைப் பற்றிப் பயம் அதிகம், மூச்சுத்திணறலா, நோவா, பிறருக்குச் சுமையாகிவிடுவதா, வைத்தியசாலைக் கட்டிலில் தெரியாத முகங்களுக்கு நடுவே போய்விடுவதா என்பதை அறிந்துகொண்டால், பின்னால் வரும் முடிவுகளில் பாதி தாமாகவே தெளிவாகும்.

டயலிசிஸ் பற்றி அவருக்கு உண்மை தெரிய வேண்டும். வழக்கமாக அது வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் இயந்திரத்துடன் இணைந்திருக்கும் சிகிச்சை. போக்குவரத்தும் அதன்பின் வரும் களைப்பும் வேறு. பலருக்கு அது நல்ல ஆண்டுகளைத் தந்திருக்கிறது. ஆனால் முதுமையும் இதய நோய் போன்ற வேறு நோய்களும் சேர்ந்திருக்கும் ஒருவருக்கு அதனால் கிடைக்கும் கூடுதல் காலம் குறைவாக இருக்கக்கூடும். டயலிசிஸ் செய்யாமல், உடல் அரிப்பு, வீக்கம், குமட்டல், மூச்சுத்திணறல் ஆகியவற்றை மருந்தால் தணித்துக்கொண்டு இருக்கும் காலத்தை இலகுவாக்குவதும் வைத்திய உலகம் ஏற்றுக்கொண்ட ஒரு வழிதான். அதைத் தேர்ந்தெடுப்பவரை யாரும் கைவிட்டதாக ஆகாது. இத்தகைய நோய்த் தணிப்புச் சிகிச்சை என்றதும் நம்மவர்கள் மகரகமை வைத்தியசாலையையும் புற்றுநோயையும் மட்டுமே நினைக்கிறார்கள். சிறுநீரகம், இதயம், நுரையீரல் செயலிழந்தவர்களுக்கும் அது உரியது. சில காலம் டயலிசிஸ் செய்து பார்த்து, அது தாங்க முடியாததாக இருந்தால் நிறுத்தவும் முடியுமா என்று நிபுணரிடம் கேளுங்கள். அப்பாவை வெளியே இருத்திவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போய்க் கேட்கும் வழக்கத்தை மாத்திரம் தயவுசெய்து கைவிடுங்கள்.

அண்ணாவின் சொல்லில் அன்பும் இருக்கிறது, அருகில் இருக்க முடியாத குற்ற உணர்வும் இருக்கிறது. அவருடன் நீங்கள் வாதாட வேண்டாம். அப்பா தன் விருப்பத்தைத் தன் வாயாலேயே வீடியோ அழைப்பில் அவருக்குச் சொல்லட்டும். நள்ளிரவில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு வைத்தியர், "செயற்கைச் சுவாசம் கொடுப்பதா?" என்று கேட்கும்போது, உங்களுக்கும் அண்ணாவுக்கும் இடையே கருத்து வேறுபாடு இருந்தால் அதன் துன்பம் முழுவதும் அப்பாவின் உடம்பில்தான் விடியும். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 இல் வழங்கிய தீர்ப்பின்படி அங்கே ஒருவர் தமது சிகிச்சை விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று தமிழ்நாட்டு இதழ்களில் நீங்கள் படித்திருக்கக்கூடும். அந்த நடைமுறை இங்கே செல்லாது. ஆகவே குடும்பம் ஒரே குரலில் பேசுவதும், அப்பாவின் விருப்பம் அவரது கிளினிக் குறிப்பில் நிபுணரின் கையால் எழுதப்பட்டிருப்பதும்தான் இங்கே பெரிதும் உதவும்.

சொத்து விடயத்தை இவற்றுக்குப் பிறகு எடுங்கள். முதலிலேயே காணி உறுதிகளைப் பற்றிக் கேட்டால் எந்த முதியவருக்கும் மனம் புண்படும். மரண சாசனம் எழுதுவதாயின் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னிலையில், அல்லது நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகளுக்கு முன்னிலையில், அவர் தெளிவான மனதுடன் கையெழுத்திட வேண்டும். வைத்தியசாலைக்குப் போனபின் பார்ப்போம் என்று விடாதீர்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு தவறான நம்பிக்கையை அடிக்கடி காண்கிறேன்: அற்றோர்ணித் தத்துவம் (ஒருவர் தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) கையில் இருந்தால் எல்லாவற்றையும் பிறகும் செய்யலாம் என்று எண்ணுகிறார்கள். அதைக் கொடுத்தவர் இறந்த கணத்திலேயே அது செல்லுபடியற்றதாகிவிடும். யாழ்ப்பாணத்துக் காணிக்கு அங்குள்ள தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்துமாயின், திருமணத்துக்குப் பின் தேடிய சொத்தில் அம்மாவுக்கு என்ன உரிமை, அப்பா எதை எழுதலாம் என்பதைத் தனியாகக் கேட்டறிய வேண்டும். அதில் பழக்கமுள்ள சட்டத்தரணியிடம் உறுதிகளைக் காட்டுங்கள். வங்கிக் கணக்குக்குப் பின்னுரித்தாளி, அதாவது அவருக்குப் பின் பணத்தைப் பெறுபவர், பெயரிடப்பட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

கிரியைகள் குறித்தும் அவரிடமே கேளுங்கள். மகன் விமானமேறி வரும்வரை உடலை மலர்ச்சாலையில் நாட்கணக்கில் வைத்திருப்பது கொழும்பில் வழமையாகிவிட்டது. அதை அப்பா விரும்புகிறாரா, கனத்தை மயானத்தில் எரித்தபின் அஸ்தி கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போக வேண்டுமா என்பதை அவர் சொல்லிவைத்தால், அண்ணா அந்த நேரத்தில் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டியிராது. ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண்தானச் சங்கத்துக்குக் கண்களைக் கொடுக்க விரும்பினால், படிவத்தில் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. இறந்த சில மணித்தியாலங்களுக்குள் கண்களை எடுக்க வேண்டும் என்பதால், யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டிலேயே உயிர்பிரிய விரும்புகிறார் என்றால், அவரைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒரு வைத்தியர் அருகில் இருப்பது அவசியம். மரணத்துக்கான காரணத்தைச் சான்றுபடுத்த எவரும் இல்லாவிட்டால் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் போக நேரிடலாம். அந்த வேளையில் அம்மாவுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

அம்மாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் செயலில் அவரிடமிருந்தே தொடங்குங்கள். அவரது கோபம் முழுவதும் பயம். அப்பாவுடன் பேசுவதற்கு முன் அவருடன் தனியே இருந்து, இந்தப் பேச்சால் அப்பாவின் நாள் குறையப் போவதில்லை என்றும், அவர் கேட்பது நம்முடைய துணையைத்தான் என்றும் எடுத்துச் சொல்லுங்கள். ஒரு நாளில் அவர் இணங்கமாட்டார், வற்புறுத்தவும் வேண்டாம். அடுத்த கிளினிக் நாளன்று அவரையும் கூட்டிச் சென்று, அப்பா தன் கேள்வியை நிபுணரிடம் கேட்கும்போது அம்மா பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.