வெனிஸுக்குச் சக்கர நாற்காலி: புதிதாக வாங்க வேண்டுமா?

கேள்வி: பக்கவாதம் வந்த பிறகு அம்மா சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். வெனிஸ் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இந்தப் பயணத்துக்காக பேட்டரி நாற்காலி வாங்கலாமா? விடுதியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: இந்தப் பயணத்துக்காக மட்டும் என்றால் பேட்டரி நாற்காலி வேண்டாம். வெனிஸில் தூரம் ஒரு சிக்கலே இல்லை, பாலம்தான் சிக்கல். 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படி வைத்தவை. கனமான பேட்டரி நாற்காலியை நாலு படி தூக்குவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். மடக்கக்கூடிய, இலேசான, கையால் தள்ளும் நாற்காலியே போதும். முன் சக்கரம் ரொம்பச் சின்னதாக இருக்கக் கூடாது. கல் பாவிய தரையின் இடுக்கில் அது சட்டென்று மாட்டி நின்றால் அம்மா முன்னால் சரிந்துவிடுவார்.

இன்னொரு காரணமும் உண்டு. விமானத்தில் நாற்காலி சேதமானால் மாண்ட்ரியல் உடன்படிக்கை என்ற சர்வதேச விமானப் பயண ஒப்பந்தத்தின்படி இழப்பீட்டின் உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறக்குறைய 2,000 டாலர். விலை உயர்ந்த பேட்டரி நாற்காலிக்கு அது காணாது. எந்த நாற்காலியானாலும் ஒப்படைக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேதம் தெரிந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும்.

விடுதிக்கு வருவோம். என் அக்காவை அழைத்துப் போனபோது "படகுத்துறையிலிருந்து 200 மீட்டர்தான்" என்றார்கள். 200 மீட்டர்தான். ஆனால் நடுவில் படி வைத்த பாலம் ஒன்று! வழியில் போன இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அக்கா கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியே இருந்தாள். அதனால் பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் இதைக் கேளுங்கள்: "உங்கள் வாசலுக்கும் படகுத்துறைக்கும் இடையே பாலம் உண்டா? எந்தத் துறை?" லிஃப்ட், குளியலறைக் கதவின் அகலம் எல்லாம் அப்புறம். பதில் எழுத்தில் வரட்டும். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகவே பதிவு செய்யுங்கள்.

ஊருக்குள் போக வர வாப்பரெட்டோ படகுதான் உங்கள் பஸ். பெருங்கால்வாயில் போகும் 1-ஆம் எண் படகில் நாற்காலியோடு ஏறலாம். ஊழியர்கள் பலகை போட்டு உதவுவார்கள். சாதாரணப் பயணிக்கு 9.50 யூரோ. நாற்காலியில் வருபவருக்கு 1.50 யூரோதான், துணைக்கு வருபவருக்கு இலவசம். கவுன்டரில் கேட்டு வாங்குங்கள்.

சான் மார்கோ சதுக்கத்துக்கு வல்லரேஸ்ஸோ துறையில் இறங்கி, கரையோரமாகப் போகாமல் நேரே உள்ளே செல்லும் சந்தில் நுழையுங்கள். பாலமே குறுக்கிடாது. ரயில் நிலையத்துக்கு அருகே 2008-இல் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நாற்காலிக்காரர்களுக்குத் தொங்கு கூண்டு இருப்பதாகப் பழைய கையேடுகளில் படித்தால் நம்ப வேண்டாம், 2020-இலேயே கழற்றிவிட்டார்கள். அங்கேயும் படகில்தான் கடக்க வேண்டும்.

வெனிஸின் பழைய ஆட்சித் தலைவர்களான டோஜேக்களின் அரண்மனையில் லிஃப்ட் உண்டு. மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் நுழைவு இலவசம் என்பதால், அம்மாவின் மாற்றுத்திறனாளி அட்டையைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.