வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளை

கேள்வி: திண்டுக்கல் பக்கம் பத்து வருடமாகச் சிலம்பம் சொல்லித்தருகிறேன். இப்போது அறுபது பிள்ளைகள் வருகிறார்கள். உதவிக்கு என்னிடமே கற்ற மூன்று பையன்கள், அப்புறம் ஒரு வேன் டிரைவர். போன வாரம் ஒரு அம்மா, "உங்க ஆளுங்களுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்கா, பிள்ளைங்க பாதுகாப்புக்கு ட்ரெயினிங் குடுத்திருக்கீங்களா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். மனசு விட்டுப்போனது. என் பையன்களை எனக்குத் தெரியாதா? இதெல்லாம் பெரிய பள்ளிக்கூடங்களுக்குத்தானே?

பதில்: மாஸ்டர், பத்து வருடம் பேர் கெடாமல் நடத்தியவரிடம் நாலு பேர் முன்னால் இப்படிக் கேட்டால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த அம்மா சட்டத்தில் இருப்பதைத்தான் கேட்டிருக்கிறார். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012 போக்சோ சட்டத்துக்கு 2020-இல் வந்த விதிகளைப் பாருங்கள். பள்ளி, காப்பகம் மட்டுமில்லை, விளையாட்டுப் பயிற்சி மையம் வரை, பிள்ளைகள் வழக்கமாக வந்துபோகிற எந்த இடமானாலும் அங்கே வேலை பார்ப்பவர்களைப் போலீஸ் மூலம் விசாரித்து வைக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு தடவை செய்துவிட்டு மறந்துவிடாமல் அவ்வப்போது, கூடவே பிள்ளைகள் பாதுகாப்பு பற்றிய பயிற்சியும் அவ்வப்போது தர வேண்டும். நிரந்தர ஆளா, ஒப்பந்த ஆளா என்ற பேச்சே இல்லை. வேன் டிரைவரும் அதில் வருவார்.

சரி, சர்டிபிகேட் வாங்கி ஃபைலில் போட்டால் முடிந்ததா? அந்தக் காகிதம் சொல்வதெல்லாம் இந்த ஆள் மேல் இதுவரை வழக்கு இல்லை என்பதைத்தான். யாரும் வாய் திறக்காத ஆள் மேலும் வழக்கு இருக்காது. அதனால் ஆள் நல்லவனா என்று யோசிப்பதை விடுங்கள். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும், வேறு யார் கண்ணிலும் படாமல் இருக்கிற நேரம் உங்கள் வகுப்பில் எப்போதெல்லாம் வருகிறது என்று ஒரு சாயங்காலம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து எழுதுங்கள். எனக்கு முதலில் தோன்றுவது வேன். கடைசியாக இறங்குகிற பிள்ளை தினமும் அந்தக் கடைசிப் பத்து நிமிடம் டிரைவரோடு தனியாகத்தானே போகிறது? ஒரு பெண் உதவியாளரைக் கடைசி வீடு வரைக்கும் கூட அனுப்புங்கள். டிரைவர் தங்கமானவர் என்றால் அவருக்கும் நல்லது, நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அப்புறம் கம்பு அடுக்கும் அறை, உடை மாற்றும் இடம், வெளியூர்ப் போட்டிக்குப் போய் ஏதோ ஒரு பள்ளி வகுப்பறையில் எல்லோரும் வரிசையாகப் படுத்துத் தூங்கும் ராத்திரி. பையன்கள் பிள்ளைகளோடு தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பேசுகிறார்கள் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள், பெற்றோரும் இருக்கிற குரூப் போதும். உங்களுக்கும் இதே விதிதான்.

சிலம்பத்தில் தொடாமல் எப்படிச் சொல்லித்தருவது என்பீர்கள். காலடி தப்பினால் இடுப்பைப் பிடித்துத் திருப்பிவிடுகிற பழக்கம் எனக்கும் தெரியும். முதலில் நீங்களே நின்று காட்டுங்கள், கால் வைக்கிற இடத்தைக் கம்பு நுனியால் தரையில் காட்டுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் "கையப் பிடிச்சுத் திருத்தட்டுமா" என்று கேட்டுவிட்டு, எல்லோரும் பார்க்கச் செய்யுங்கள். வேண்டாம் என்று தலையாட்டுகிற பிள்ளையைக் கேலி செய்யக் கூடாது. ஆண் பிள்ளையாக இருந்தாலும்தான். சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே ஆண், பெண் வித்தியாசம் பார்ப்பதில்லை.

பயிற்சி என்றதும் ப்ரொஜெக்டர், சமோசா என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வந்தால் உங்கள் பையன்கள் என்ன செய்வார்கள் என்று உங்கள் முன்னால் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒருத்தன் "நிஜமாவா, நல்லா யோசிச்சுச் சொல்லு" என்பான். இன்னொருத்தன் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்வான். இரண்டும் தப்பு. குறுக்கே கேள்வி போடாமல் கேட்டு, "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல" என்று சொல்லி, பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைத்து, அன்றைக்கே போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கே போவது என்று தடுமாறினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஃபோன் போடுங்கள். பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்றால் உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுப் பாருங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது உங்களைப் போன்ற நல்ல மனுஷர்களைப் பற்றித்தான். 'நாமே கூப்பிட்டு விசாரிப்போம், பையனை நிறுத்திடுவோம், விஷயம் வெளியே போக வேண்டாம்' என்று இருந்துவிடுவீர்கள். நிறுத்தின பையன் அடுத்த ஊரில் வேறொரு வகுப்பில் போய்ச் சேர்ந்துகொள்வான். நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை, சந்தேகம் வந்தாலே சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். தெரிந்தும் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவர் விஷயத்தில் நிறுவனப் பொறுப்பாளரே சொல்லாமல் இருந்தால் 1 வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் எந்த வழக்கும் வராது என்று அதே சட்டத்தில் இருக்கிறது.

அந்த அம்மாவை ஃபோனில் கூப்பிட்டு, வெரிஃபிகேஷனுக்கு விண்ணப்பம் போட்டாச்சு என்று சொல்லுங்கள், நிஜமாகவே போட்ட பிறகு. வேனில் கூடப் போக ஆள் கிடைக்கிற வரைக்கும் அந்தக் கடைசிப் பிள்ளையை வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிப்போகட்டும்.