விலைப்பட்டியலுக்கு டேபிள் சரி, பக்கத்துக்கு வேண்டாம்

நாச்சியார்கோயில் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மாமாவின் குத்துவிளக்குக் கடைக்கு எச்டிஎம்எல் டேபிளை (வரிசை, பத்தியாகக் கட்டம் போடும் டேக்) வைத்தே ஒரு வலைப்பக்கம் செய்தாராம், கம்ப்யூட்டரில் வரிசைக்கு நாலு விளக்காக அழகாக நிற்கிறது, போனில் திறந்தால் பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்காக, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸை முழுக்கப் படிக்கணுமா?

முழுக்க வேண்டாம். அதில் பொருட்களை அடுக்க உதவும் கிரிட், ஃப்ளெக்ஸ்பாக்ஸ் இரண்டும் போதும், உங்களுக்கு கிரிட்தான் முதலில்.

டேபிளில் வரிசைக்கு நாலு கட்டம் என்று எழுதிவிட்டால் திரை எவ்வளவு குறுகினாலும் நாலுதான், மூன்றாவது விளக்கைக் கீழே இறக்க அதற்குத் தெரியாது. சிமெண்டில் வரப்பு கட்டிய மாதிரி. அதனால் டேபிள் டேக்குகளை எடுத்துவிட்டு, விளக்குக்கு ஒரு டிவ் (வெறும் பெட்டி மாதிரியான டேக்) வைத்து, எல்லாவற்றையும் ஒரு பெரிய டிவ்வுக்குள் போடுங்கள். பெரியதற்கு சிஎஸ்எஸ்ஸில் டிஸ்ப்ளே கிரிட், மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம்) 720 பிக்சல், கேப் (இடைவெளி) 12 பிக்சல். கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸில் ரிப்பீட், அதற்குள் ஆட்டோ-ஃபில், அடுத்து மின்மேக்ஸ் 160 பிக்சல், 1 எஃப்ஆர். ஒரு விளக்குக்குக் குறைந்தது 160 பிக்சல் இடம் கொடு, மிச்சத்தைச் சமமாகப் பங்கிடு என்று அர்த்தம், அவ்வளவுதான். 360 பிக்சல் அகலப் போனில் இரண்டிரண்டாகவும் கம்ப்யூட்டரில் நாலு நாலாகவும் தானே அடுக்கிக்கொள்ளும். படங்களுக்கு மேக்ஸ்-விட்த் 100 சதவீதம் கொடுக்க மறந்தால் கட்டத்தை மீறிக்கொண்டு வெளியே நிற்கும், இதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு, நானும் விழுந்திருக்கிறேன்.

அப்புறம், எச்டிஎம்எல்லின் ஹெட் பகுதியில் வியூபோர்ட் மெட்டா டேக் (பக்கத்தைத் திரையின் அகலத்துக்கே காட்டச் சொல்லும் வரி) இருக்கிறதா பாருங்கள். அது இல்லையென்றால் போன் தன்னைப் பெரிய திரையாக நினைத்துக்கொண்டு பக்கத்தையே பொடிசாக்கிக் காட்டும், மேலே செய்ததெல்லாம் வீண்.

மேலே உள்ள மெனுவுக்கு ஃப்ளெக்ஸ்பாக்ஸ். வாய்க்கால் மாதிரி ஒரே திசையில் ஓடுவதற்கு அது, பாத்தி பாத்தியாகப் பிரிக்க கிரிட்.

ஃப்ளோட் (பெட்டியை இடமோ வலமோ ஒதுக்கும் பழைய சிஎஸ்எஸ் வழி) வைத்துச் சொல்லித்தரும் பழைய பாடங்களில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கிரிட் 2017 மார்ச்சில்தான் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்று பிரவுசர்களிலும் வந்தது, அதற்கு முந்தைய பாடங்கள் வேறு வழியில்லாமல் அப்படிச் சொன்னவை.

விளக்கின் உயரம், எடை, விலை என்று பட்டியல் இருந்தால் அதை டேபிளாகவே விடுங்கள், டேபிள் வந்ததே அதற்குத்தான்.

மாற்றி முடித்ததும் ஃபயர்பாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போன் அளவில் பார்க்கும் வசதி திறக்கும், அதில் அகலம் 360 என்று போட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் இன்னும் நகர்ந்தால் அநேகமாக ஏதோ ஒரு படம்தான் காரணம்.